ஸ்பீக்கர் கேபிளுக்கு எந்த வயர் வாங்குவது?

கேள்வி இது: ஆறரை இன்ச் வூஃபரும் ஒரு ட்வீட்டரும் போட்டு நீங்களே ஒரு ஜோடி பாக்ஸ் செய்திருக்கிறீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர், 50 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). ஒரு பாக்ஸுக்கு 4 மீட்டர், சுவரைச் சுற்றிப் போக வேண்டிய இன்னொன்றுக்கு 7 மீட்டர். வீடு கட்டியபோது மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரிங் வயர் பரணில் கிடக்கிறது. கடையில் கேட்டால் அது ஆகாது, ஓ.எஃப்.சி. (ஆக்சிஜன் இல்லாத செம்பு) கேபிள்தான் வேண்டும் என்கிறார்கள். எதைப் போடுவது, இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டுமா?

பரணில் கிடப்பதையே எடுத்துப் போடுங்கள். அது நிஜமான செம்பு மல்டிஸ்ட்ராண்ட் வயராக, அதாவது பல மெல்லிய இழைகள் சேர்ந்ததாக, இருந்தால் உங்கள் பாக்ஸுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. "நிஜமான செம்பு" என்பதுதான் இதில் முக்கியமான சொல். அதை எப்படிச் சோதிப்பது என்று பிறகு சொல்கிறேன். முதலில் வயருக்கு இங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம். இது புரிந்துவிட்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வீர்கள்.

ஆம்ப் தரும் வோல்டேஜை வயரும் ஸ்பீக்கரும் தங்கள் தங்கள் ஓம் (கரன்ட்டைத் தடுக்கும் ரெசிஸ்டன்ஸ்) அளவுக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வயருக்குப் போகும் பங்கு வீண். ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே 8 ஓமாக இருந்தால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. சத்தம் கொஞ்சம் குறையும், வால்யூமைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். ஆனால் 8 ஓம் என்பது பெயருக்குத்தான். வூஃபரின் ரெசனன்ஸ் (அது தானாகவே அதிகம் அதிரும் ஸ்வரம்) இருக்கும் இடத்தில், அதாவது கீழ் பேஸ் பக்கம், அது 30 ஓம் வரை ஏறும். அதைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வந்தால் 6 ஓமுக்கு இறங்கும். 8 ஓம் என்று அச்சடித்த ஸ்பீக்கர் 6.4-க்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேசத் தரம். நடைமுறையில் 6-ஐத் தொடுபவை நிறைய. ஓம் குறைந்த இடத்தில் வயர் அதிகம் தின்னும், ஓம் கூடிய இடத்தில் குறைவாகத் தின்னும். அதனால் சத்தம் குறைவதோடு நிற்காமல், ஒலியின் சாயலும் லேசாக மாறிவிடும். வயர் தடிமனைப் பற்றி நாம் யோசிப்பதற்கு உண்மையான காரணம் இது ஒன்றுதான்.

சரி, எண்களைப் போடுவோம். மல்டிஸ்ட்ராண்ட் வயரிங் வயருக்கு நம் இந்தியத் தரம் அனுமதிக்கும் அதிகபட்ச ரெசிஸ்டன்ஸ், கிலோமீட்டருக்கு 1 ஸ்கொயர் எம்.எம். என்றால் 19.5 ஓம், 1.5 என்றால் 13.3, 2.5 என்றால் 7.98. கரன்ட் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் 7 மீட்டர் பக்கத்துக்கு 14 மீட்டர் வயர், 1.5-இல் 0.19 ஓம். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் வயர் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல். அமெரிக்காவின் மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் இதை வைத்தே ஒரு நீள அட்டவணை போட்டிருந்தார். 8 ஓமுக்கு 5 சதவீதம் 0.4 ஓம். நான் இன்னும் கொஞ்சம் கறாராக, ஸ்பீக்கர் இறங்கும் மிகக் குறைந்த ஓமை வைத்துப் பார்ப்பேன். 6 ஓமுக்கு 0.3. அப்போதும் உங்கள் 0.19 தாராளமாக உள்ளே நிற்கிறது.

காதுக்கு இது எவ்வளவு? 30 ஓம் இடத்துக்கும் 6 ஓம் இடத்துக்கும் இடையே வயர் உண்டாக்கும் வித்தியாசம் 0.2 டெசிபல். 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.13. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் 1.5 போதும் என்கிறேன். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்திருந்தால் 7 மீட்டருக்கு 2.5 போடச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அங்கே 5 சதவீதம் என்பதே 0.2 ஓம்தான்.

கடையில் பேசும்போது அளவுகளின் பெயர்கள் குழப்பும். பழைய ஆட்கள் 14/76, 23/76, 40/76 என்பார்கள். முன்னால் இருப்பது இழைகளின் எண்ணிக்கை; 76 என்பது ஒவ்வோர் இழையும் 0.0076 இன்ச் விட்டம் என்பதைக் குறிக்கும். இதையே 14/36, 23/36 என்றும் சொல்வதுண்டு. எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பி அளவுக் கணக்கில் 36 என்பதும் அதே 0.0076 இன்ச்தான். ஸ்கொயர் எம்.எம்.-இல் மாற்றினால் 14/76 சுமார் 0.4, 23/76 சுமார் 0.67, 40/76 சுமார் 1.17. ஆக 40/76 உங்களுக்குப் போதும். ஆம்புடன் இலவசமாக வருவதும் "ஸ்பீக்கர் வயர்" என்று சிவப்பு கறுப்பில் மெலிதாக விற்பதும் பெரும்பாலும் 14/76 ரகம் அல்லது அதைவிடக் குறைவு. 7 மீட்டருக்கு அது 0.6 ஓம். ஆகாது. வெளிநாட்டுக் கேபிளில் ஏ.டபிள்யூ.ஜி. என்று அமெரிக்க அளவு இருக்கும்: 16 என்றால் 1.3, 14 என்றால் 2.1, 12 என்றால் 3.3 ஸ்கொயர் எம்.எம். ஏ.டபிள்யூ.ஜி. 14-ம் எஸ்.டபிள்யூ.ஜி. 14-ம் ஒன்றல்ல. ஒரே எண், ஆனால் செம்பு ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஆகவே எங்கே வாங்கினாலும் ஸ்கொயர் எம்.எம். கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை வைத்து வாதம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் மெல்லிசு வயரைத் தெருக்கோடி வரைக்கும் இழுக்கிறாரே, கணீரென்று கேட்கிறதே" என்பார்கள். அது வேறு ஏற்பாடு. அந்தக் குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் லைன் வோல்டேஜை ஸ்பீக்கருக்கு ஏற்ப இறக்கித் தரும் லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஆம்ப் 100 வோல்ட் லைனில் அனுப்பும். 100 வாட் என்றால் அந்த லைனில் ஓடுவது 1 ஆம்பியர். லைனுக்கு அந்தச் சுமை 100 ஓமாகத் தெரியும். வயர் 5 ஓம் இருந்தால்கூட 5 சதவீதம்தான். மின்வாரியம் ஊருக்கு ஊர் உயர் அழுத்தத்தில் கரன்ட் அனுப்புவதும் இதே தத்துவம்தான். அதே 100 வாட்டை நேரடியாக 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். அவர் வயரைக் கொண்டுவந்து நம் வீட்டு ஆம்பில் மாட்டக் கூடாது.

இப்போது ஓ.எஃப்.சி. ஆக்சிஜன் இல்லாத செம்பு என்பது உண்மையிலேயே இருக்கும் ஒரு பொருள்தான். சாதாரண எலக்ட்ரிக்கல் கிரேடு செம்பில் ஆக்சிஜன் 0.02 முதல் 0.04 சதவீதம் இருக்கும். ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கினால் அந்த ஆக்சிஜன் செம்பை நொறுங்கச் செய்யும். வெற்றிடக் குழாய் மாதிரியான சாதனங்களுக்கு அது ஆகாது, அதற்காக வந்தது ஓ.எஃப்.சி. மின்கடத்தும் திறனில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 சதவீதம்தான் வித்தியாசம். 7 மீட்டர் கேபிளில் 7 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தால் கிடைக்கும் பலன் அது. நல்ல கம்பெனி வயரிங் வயரில் இருக்கும் செம்பே 99.9 சதவீதத்துக்கு மேல் சுத்தம். ஓ.எஃப்.சி. நியாயமான விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அம்புக்குறி போட்ட கேபிள், நூறு மணி நேரம் ஓட்டிப் பழக்க வேண்டிய கேபிள் என்பவற்றுக்கும் இதே பதில்தான். ஸ்பீக்கரில் ஓடுவது இரண்டு திசையிலும் மாறி மாறிப் போகும் ஏ.சி. கரன்ட். அதற்கு ஒரு திசை கிடையாது.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பல வருடம் முன்பு ஒரு கடையில், மேலே ஒளிபுகும் உறை போட்ட, விரல் பருமன் கேபிள் வாங்கினேன். உள்ளே செம்பு தகதகவென்று தெரியும். உறையில் ஓ.எஃப்.சி. என்று அச்சடித்திருந்தது. பிளக் மாட்டும்போது முனையை இரண்டு தடவை வளைத்ததும் ஐந்தாறு இழைகள் ஒடிந்து கையோடு வந்தன. செம்பு அப்படி ஒடியாது. ஓர் இழையை மேஜையில் வைத்து பிளேடு நுனியால் லேசாகச் சுரண்டினேன். செம்பு நிறம் தோல் மாதிரி உரிந்தது, உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்திய கம்பி, சி.சி.ஏ. என்பார்கள். அந்தக் கேபிளில் ஒரு சாண் துண்டை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட.

செம்பு கடத்துவதில் 63 சதவீதம் அளவுக்குத்தான் சி.சி.ஏ. கடத்தும். 2.5 ஸ்கொயர் எம்.எம். சி.சி.ஏ. ஏறக்குறைய 1.6 செம்புக்குச் சமம். அதாவது, அதில் பாட்டு கேட்கவே முடியாது என்பதில்லை. அளவு உண்மையாக இருந்தால் வேலை செய்யும். கோபம் வருவது அலுமினியத்துக்குச் செம்பு விலை வாங்குகிறார்களே என்பதால்தான். அப்புறம் அதன் இழைகள் சீக்கிரம் ஒடியும், திருகில் மாட்டிய இடத்தில் அலுமினியம் ஆக்சைடு பூத்து இணைப்பு தளரும். எனக்கு அது வேண்டாம்.

சுரண்டிப் பார்ப்பது முதல் சோதனை. வெள்ளியாகத் தெரியும் எல்லாமே அலுமினியம் இல்லை. வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும். அது நல்ல சரக்கு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும், பூச்சு உள்ளது தாங்கும். இரண்டாவது சோதனை இன்னும் நிச்சயமானது. ஒரு மீட்டர் வயரை வெட்டி, உறையை முழுதும் உரித்து, கம்பியை மட்டும் சமையலறைத் தராசில் வையுங்கள். 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு 13 கிராம் சொச்சம் நிற்க வேண்டும், 2.5 என்றால் 22 கிராம். சி.சி.ஏ. என்றால் 1.5-க்கு 5 கிராம் பக்கம்தான் காட்டும். செம்பாகவே இருந்து அளவில் ஏமாற்றியிருந்தாலும் இதே தராசு காட்டிக்கொடுத்துவிடும். 9 கிராம் நின்றால் அது 1 ஸ்கொயர் எம்.எம். வயர், உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. இழைகளை எண்ணியும் பார்க்கலாம். 1.5 வயரில் பெரும்பாலும் 0.3 மி.மீ. இழைகள் 22 இருக்கும். இழையின் விட்டம் பார்க்க ஸ்க்ரூ கேஜ் வேண்டியதில்லை. ஒரு பென்சிலில் இடைவெளியில்லாமல் 20 சுற்று சுற்றி ஸ்கேல் வையுங்கள், 6 மி.மீ. வர வேண்டும். உங்கள் பரணில் இருக்கும் வயரையும் இப்படி ஒரு தடவை பார்த்துவிட்டே மாட்டுங்கள். உறையில் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ். என்பதெல்லாம் உறையில் தீ எளிதில் பரவாமல் இருப்பதைப் பற்றியது. ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சோதனை முடிந்ததா? இப்போது இரண்டு தனித்தனி வயர்களை ஒரு கேபிளாக ஆக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், போகும் வயரும் வரும் வயரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடினால் இண்டக்டன்ஸ் (உயர்ந்த ஸ்வரங்களைத் தடுக்கும் குணம்) கூடும். ஒட்டி ஓடினால் மீட்டருக்கு 0.6 மைக்ரோஹென்றி போல இருக்கும். ஒன்றைத் தரையோரமும் இன்னொன்றை ஓர் அடி தள்ளியும் ஓட்டினால் அது நான்கு மடங்காகும். 8 ஓம் ஸ்பீக்கரில் அப்போதும் 20 கிலோஹெர்ட்ஸில் 0.3 டெசிபல் அளவுதான் இழப்பு வரும். 4 ஓமில் 1 டெசிபல் பக்கம் போய்விடும். முறுக்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. சிவப்பும் கறுப்புமாக இரண்டு நிறம் எடுங்கள். தேவையான நீளத்தைவிட அரை மீட்டர் கூடுதலாக வெட்டுங்கள், முறுக்கினால் நீளம் குறையும். ஒரு பக்கம் இரண்டு முனைகளையும் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறு பக்கம் இரண்டையும் டிரில் மெஷினின் சக்கில் கொடுத்து இறுக்கி, வயரைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்து, மிக மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு விழுந்தால் போதும். நிறுத்தியதும் டிரில்லைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள், வயர் திமிறிச் சுருண்டு முடிச்சாகிவிடும். ரிவர்ஸில் ஐந்தாறு சுற்று தளர்த்திவிட்டுக் கழற்றினால் தரையில் சாதுவாகக் கிடக்கும். பார்க்க அழகாக வேண்டுமென்றால் மேலே நைலான் பின்னல் ஸ்லீவ் போடலாம். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் 1.5 டூ கோர் ரவுண்ட் ஃப்ளெக்ஸிபிள் கேபிள் வாங்கிவிடுங்கள். அதில் இரண்டு வயரும் உள்ளேயே முறுக்கித்தான் இருக்கும், வயரிங் வயரைவிட வளையவும் வளையும்.

ஒற்றைக் கம்பியாக இருக்கும் வயரில் ஸ்கின் எஃபெக்ட் (உயர் அதிர்வெண்ணில் கரன்ட் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவது) வரும் என்று சிலர் சொல்வது உண்மைதான், ஆனால் அளவு பாருங்கள். 2.5 ஒற்றைக் கம்பியில் 20 கிலோஹெர்ட்ஸில் ரெசிஸ்டன்ஸ் கால் பங்கு கூடும், அதுவும் 0.1 ஓமில் கால் பங்கு. கேட்காது. ஒற்றைக் கம்பி வேண்டாம் என்பதற்கு உருப்படியான காரணம், அது விறைப்பாக இருந்து டெர்மினலை நெம்பும், வளைத்து வளைத்து ஒரு நாள் ஒடியும் என்பதுதான்.

நெட்வொர்க் கேபிள் மிஞ்சியிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். கேட்-5 கேபிளில் எட்டு கம்பி, ஒவ்வொன்றும் 0.2 ஸ்கொயர் எம்.எம். ஒவ்வொரு ஜோடியிலும் கலர் கம்பியெல்லாம் ஒரு பக்கம், வெள்ளைக் கம்பியெல்லாம் மறு பக்கம் என்று சேர்த்தால் பக்கத்துக்கு 0.8. மூன்று நான்கு மீட்டருக்குச் சரி. ஆனால் ஐந்தாறு கேட்-5 கேபிள்களைப் பின்னல் போட்டு ஒன்றாக்கும் செய்முறைகள் இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். கெபாசிட்டன்ஸ் (வயர்களுக்கு இடையே மின்னூட்டம் தேங்கும் அளவு) மிக அதிகமாகி, சில ஆம்ப்கள் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே அதிர்ந்து (ஆசிலேட் ஆகி) சூடேறி எரிந்துபோகும்.

முனை வேலைக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நல்ல வயர் போட்டும் கரகரவென்று வருகிறது, ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று வருபவர்களின் கேபிளைப் பார்த்தால் கோளாறு எப்போதும் முனையில்தான் இருக்கும். உறையை உரிக்கும்போது பிளேடு இழைகளில் கீறல் போடக் கூடாது, கீறிய இழை அங்கேதான் ஒடியும். திருகு டெர்மினலில் மாட்டும் முனைக்குச் சால்டர் வைக்காதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள், தவறு. சால்டர் மெத்தென்ற உலோகம். திருகின் அழுத்தத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நசுங்கி விலகிப்போகும், இணைப்பு தளர்ந்துவிடும். இழைகளைக் கையால் முறுக்கி அப்படியே மாட்டுங்கள், அல்லது பின் லக் (உலோக முனை) போட்டு இடுக்கியால் நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஷார்ட். அடிக்கடி கழற்றி மாட்டுவீர்கள் என்றால் பனானா பிளக் வசதி. சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் எல்லா ரகமும் கிடைக்கும். வயரைத் திருகால் இறுக்கும் வகை வாங்குங்கள். தங்க முலாம் ஒலிக்காக அல்ல, துருப்பிடிக்காமல் இருக்க. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் பனானா பிளக் வேண்டாம் என்பேன். அது சுவரிலுள்ள 5 ஆம்பியர் சாக்கெட் ஓட்டையில் நுழையும் அளவு. உங்கள் ஆம்பில் ஸ்ப்ரிங் கிளிப் டெர்மினல் இருந்தால் 2.5 வயர் பெரும்பாலும் அதில் நுழையாது. அதுவும் 1.5 போடச் சொல்வதற்கு ஒரு காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று கோர் கேபிள் இருக்கிறது, நெகட்டிவை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். இப்போது பலரும் வாங்கும் டி.பி.ஏ.3116 சிப் மாதிரியானவை கொண்ட கிளாஸ் டி ஆம்ப் போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஆம்ப் ஓடுகிறது. அங்கே நெகட்டிவ் என்பது கிரவுண்ட் அல்ல. இடது நெகட்டிவையும் வலது நெகட்டிவையும் சேர்த்தால் ஆம்ப் போய்விடலாம். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனியாக இரண்டு வயர்.

மாட்டியதும் பிளஸ் மைனஸைச் சரிபாருங்கள். ஆம்ப் பக்க முனைகளைக் கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைக் கேபிளின் சிவப்பில் பிளஸ் வருமாறு ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டு பாக்ஸிலும் ஒரே மாதிரி தள்ளினால் சரி. ஒன்று உள்ளே இழுத்தால் அங்கே வயர் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் அறை முழுக்கக் கலைந்து கேட்கும். எந்த வயர் போட்டாலும் வராத அளவு பெரிய வித்தியாசம் இந்த ஓர் இணைப்பில் வரும்.

கடைசியாக, நீளம். 4 மீட்டர் பக்கம் 0.11 ஓம், 7 மீட்டர் பக்கம் 0.19. ஸ்பீக்கர் 6 ஓமுக்கு இறங்கும் இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 டெசிபல் சொச்சம். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஒரு ஸ்பீக்கர் பக்கம் 3 சென்டிமீட்டர் சாய்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். கிட்ட இருக்கும் பாக்ஸுக்கு 4 மீட்டரே வெட்டுங்கள். சமமாக இருக்கட்டும் என்று 3 மீட்டர் வயரைச் சுருட்டி ஆம்புக்குப் பின்னால் திணித்து வைக்க வேண்டியதில்லை.